அரசு நம் மின்னஞ்சலைப் பார்க்க முடியுமா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் மெயிலில் என்னவெல்லாம் கிடக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். பான் கார்டு ஸ்கேன், வங்கி ஸ்டேட்மென்ட், லேப் ரிப்போர்ட், பழைய வேலையை விட்டபோது எழுதிய கோபமான மடல், எந்த ஓட்டலில் எத்தனை நாள் தங்கினீர்கள் என்ற ரசீது. பத்துப் பதினைந்து வருட வாழ்க்கை ஒரே பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கிறது. நம்மைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். ஆனால் அந்த மடல்கள் இருப்பது ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில். அந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்க அரசுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பல நேரம் அது நமக்குத் தெரியவே வராது.

"என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் இன்பாக்ஸில் மற்றவர்கள் எழுதியதும் இருக்கிறதே. தங்கை தன் கணவனைப் பற்றி எழுதியது இருக்கும். சங்கத்தில் கூட இருப்பவர் நிர்வாகத்தைப் பற்றி அனுப்பிய புகார் இருக்கும். நீங்கள் வக்கீலோ டாக்டரோ நிருபரோ என்றால், நம்பி வந்தவர்களின் ரகசியம் இருக்கும். அவர்கள் சார்பில் "பரவாயில்லை, பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. அந்த உரிமையை அன்றாடம் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டத்துக்குப் புறம்பான எதுவும் இதில் இல்லை.

முதலில் சட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதைத் தாண்டிக் குதித்து நேராக ஆப் இன்ஸ்டால் செய்யப் போகிறவர்கள்தான் தவறான இடத்தில் பூட்டுப் போடுகிறார்கள்.

இந்தியாவில் யார் கேட்கலாம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69-ஆம் பிரிவு. 2008-இல் திருத்தப்பட்டு, 2009 அக்டோபரில் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. ஒரு கணினியில் உருவாகும், வந்து போகும், சேமித்து வைக்கப்படும் எந்தத் தகவலையும் இடைமறிக்கவும் கண்காணிக்கவும், என்கிரிப்ஷனை (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றிப் பூட்டுவது) பிரித்துத் தரச் சொல்லவும் மத்திய, மாநில அரசுகளுக்கு இது அதிகாரம் கொடுக்கிறது. உத்தரவில் கையெழுத்துப் போடுவது நீதிபதி இல்லை. மத்தியில் உள்துறைச் செயலாளர். மாநிலத்தில் உள்துறைக்குப் பொறுப்பான செயலாளர். ஒரு உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்தால் மொத்தம் 180 நாள் வரை. ஒத்துழைக்க மறுப்பவருக்கு ஏழு வருடம் வரை சிறை. விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று நிறுவனத்தின் வாயையும் விதிகள் கட்டிவிடுகின்றன.

சரிபார்க்க யாருமே இல்லையா என்றால், ஒரு மறுஆய்வுக் குழு இருக்கிறது. மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர் அதில் இருப்பார்கள். மூவரும் அரசு அதிகாரிகள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது விதி. 2013-இல் ஓர் ஆர்டிஐ மனுவுக்கு உள்துறை அமைச்சகம் கொடுத்த பதிலை இதோடு சேர்த்துப் படியுங்கள்: மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 தொலைபேசி இடைமறிப்பு உத்தரவுகளும், 300 முதல் 500 மின்னஞ்சல் இடைமறிப்பு உத்தரவுகளும் போட்டது. அப்படியானால் ஒரு கூட்டத்துக்குக் குறைந்தது 15,000 கோப்புகள். மூன்று மூத்த அதிகாரிகள் அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்து, இது தேவைதானா என்று யோசித்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் இந்தப் பிரிவின் கீழ் பத்து அமைப்புகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. உளவுத்துறை, சிபிஐ, என்ஐஏ, அமலாக்கத்துறை, ரா, டெல்லி போலீஸ் கமிஷனர் எல்லாம் அதில் உண்டு. வருமான வரித்துறையின் தலைமை வாரியமும் உண்டு. சாதாரண மனிதர்கள் உளவுத்துறையை விட வருமான வரித்துறையைத்தான் சந்திக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தின் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. சோதனைக்கு வரும் அதிகாரி மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, கிளவுட் சேமிப்பு போன்றவற்றுக்குள் நுழையவும், பாஸ்வேர்டு கிடைக்காவிட்டால் அதைத் தாண்டிப் போகவும் அது வழி செய்கிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. போனை ஒட்டுக்கேட்கப் பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இருந்தாக வேண்டும். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் அந்த நிபந்தனை இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் இருக்கிறது. அதை வைத்துத்தான் 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்கில் 2011-இல் போடப்பட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பது மட்டும் போதாது என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். ஆனால் மின்னஞ்சலுக்கான 69-ஆம் பிரிவில் அந்த வாசல்படியே கிடையாது. "எந்தக் குற்றத்தையும் விசாரிக்க" என்பதே அங்கே போதுமான காரணம். வாய்ப்பேச்சைக் காட்டிலும் எழுதி வைத்த பத்து வருட மடல்களுக்குப் பாதுகாப்புக் குறைவு என்பது எனக்குச் சுத்தமாக ஒப்பவில்லை. ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

அமெரிக்கா ஏன் இதில் வருகிறது

ஜிமெயில், அவுட்லுக், யாஹூ எல்லாம் அமெரிக்க நிறுவனங்கள். 2013 ஜூனில், அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவுக்கு வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களில் 'பிரிஸம்' திட்டம் இருந்தது. மைக்ரோசாஃப்ட், யாஹூ, கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் உள்பட ஒன்பது சேவைகளிடமிருந்து என்எஸ்ஏ தகவல் வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது அமெரிக்க வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தில் 2008-இல் வந்த 702-ஆம் பிரிவு. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவரைத் தனித்தனி நீதிமன்ற வாரண்ட் இல்லாமலே குறிவைக்க அது அனுமதிக்கிறது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ இருந்து ஜிமெயில் பார்ப்பவருக்கு அமெரிக்கக் குடிமகனுக்குரிய அரசியல் சாசனப் பாதுகாப்பு அங்கே கிடையாது.

அதே வருடம் அக்டோபரில் இன்னொன்று வெளிவந்தது. கூகுள், யாஹூ நிறுவனங்களின் தரவு மையங்களுக்கு நடுவே ஓடும் கம்பிகளிலேயே என்எஸ்ஏவும் பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூவும் கைவைத்திருந்தன. நமக்கும் கூகுளுக்கும் நடுவே என்கிரிப்ஷன் இருந்தது. கூகுளின் சொந்த மையங்களுக்குள் அது இல்லை. வெளியான வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டிச் சிரிக்கும் முகம் ஒன்று வரைந்திருந்தார்கள். இதற்குப் பிறகுதான் கூகுள் அந்த உள்வழிகளையும் என்கிரிப்ஷனுக்குள் கொண்டுவரும் வேலையை முடுக்கிவிட்டது. வெளிச்சத்துக்கு வந்ததால் உலகம் முழுக்க மின்னஞ்சல் ஓரளவு பாதுகாப்பானது என்பதை மறக்கக் கூடாது.

இந்தியப் போலீஸுக்கு ஜிமெயில் மடலின் உள்ளடக்கம் வேண்டும் என்றால் பொதுவாக இரு நாட்டுச் சட்ட உதவி ஒப்பந்தம் வழியாகப் போக வேண்டும். அது 2001-இல் கையெழுத்தாகி 2005-இல் அமலுக்கு வந்தது, மெதுவான வழி. ஆனால் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) லாகின் ஆனது போன்ற விவரங்களை நிறுவனங்கள் நேரடிக் கோரிக்கைக்கே தருவது உண்டு. சர்வர் இந்தியாவில் இருந்தால் 69-ஆம் பிரிவு நேராகவே பாயும். ஜோஹோ மெயில் நம் ஊர் நிறுவனமாயிற்றே, அதற்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்க 702-லிருந்து விலகியிருக்க அது உதவும். இந்திய அரசு கேட்கும் சூழ்நிலைதான் உங்கள் கவலை என்றால், அந்த மாற்றம் உங்களுக்கு எதையும் தராது. எந்த அரசை நினைத்துப் பூட்டுகிறோம் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் சேவையை மாற்றாதீர்கள்.

முதல் வேலை: கணக்கைப் பூட்டுங்கள்

சட்டப்படி உத்தரவு போட்டு வருவது ஒரு வழி. வேவு மென்பொருளை அனுப்பி நம் கையாலேயே திறக்க வைப்பது இன்னொரு வழி. 2020 ஜூனில் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டியும் கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வகமும் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் ஒன்பது மனித உரிமைச் செயல்பாட்டாளர்களுக்கு 2019-இல் வந்த மடல்களில் நெட்வயர் என்ற வேவு மென்பொருள் ஒளிந்திருந்தது. நிருபர் எழுதியது போலவும் நீதிமன்றத்திலிருந்து வந்தது போலவும் தோன்றிய மடல்கள். இணைப்பு பார்க்கப் பிடிஎஃப் மாதிரியே இருக்கும். யார் அனுப்பியது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. ஆனால் திறந்தவர் கணினி முழுவதும் அடுத்தவர் கைக்குப் போயிருக்கும்.

ஆகவே இதிலிருந்து தொடங்குங்கள். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபி வேண்டாம். அதை இடைமறிக்கலாம், சிம்மையே மாற்றி வாங்கவும் செய்யலாம். ஓடிபியைப் போனிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது, பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் பூட்டையோ கைரேகையையோ வைத்து நுழையும் பாஸ்கீ இன்னும் நல்லது. அதே பக்கத்தில் "யுவர் டிவைசஸ்" என்று இருக்கும். விற்றுவிட்ட பழைய போன், வேலையை விட்ட ஆபீஸின் கம்ப்யூட்டர் எல்லாம் இன்னும் அங்கே நின்றால் ஒவ்வொன்றாக வெளியேற்றுங்கள். அப்புறம் ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். யாராவது ஒரு தடவை உங்கள் கணக்குக்குள் நுழைந்து எல்லா மடலுக்கும் ஒரு நகல் போகும்படி ஃபார்வர்டிங் வைத்துவிட்டால், பாஸ்வேர்டை மாற்றினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு இடத்தை யாரும் பார்ப்பதில்லை.

நிருபர், வழக்கறிஞர், செயல்பாட்டாளர் என்றால் கணக்குக்குக் கூடுதல் பூட்டுப் போடும் கூகுளின் அட்வான்ஸ்டு புரொடெக்ஷனில் சேருங்கள், இலவசம்தான். ஐபோன் வைத்திருந்தால், வேவு மென்பொருள் நுழையும் வழிகளை அடைக்கும் லாக்டவுன் மோடு இருக்கிறது. 2023 அக்டோபர் கடைசியில் இந்திய எதிர்க்கட்சி எம்பிக்கள், நிருபர்கள் பலருக்கு, அரசுகளின் ஆதரவுள்ள தாக்குதல்காரர்கள் உங்களைக் குறிவைத்திருக்கலாம் என்று ஆப்பிளிடமிருந்து எச்சரிக்கை வந்தது. அப்படி ஒன்று உங்களுக்கு வந்தால் அதில் உள்ள லிங்கைத் தொடாமல், உலாவியில் நேரடியாகக் கணக்குக்குள் போய் அங்கேயும் அந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது: இருப்பைக் குறையுங்கள்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வேலை இதுதான். சர்வரில் இல்லாத மடலை எந்த உத்தரவாலும் எடுக்க முடியாது. எந்த என்கிரிப்ஷனும் இதற்கு ஈடில்லை.

கூகுள் டேக்அவுட் என்ற சேவையில் போய் மெயில் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். பெரிய கணக்கு என்றால் தயாராக ஒரு நாள்கூட ஆகும். இறக்கியதைத் தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்து, எல்லாம் வந்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு அதை என்கிரிப்ஷன் போட்ட ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், எதுவும் இல்லை என்றால் வெராகிரிப்ட். பாஸ்வேர்டை மறந்தால் மீட்க யாரும் இல்லை என்பதால் அதைத் தாளில் எழுதிப் பத்திரமான இடத்தில் வைப்பது தப்பே இல்லை.

அடுத்து அழிப்பது. ஜிமெயில் தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள சின்னத்தைத் தொட்டால் தேதி, அளவு, இணைப்பு உண்டா என்று கேட்டுத் தேடும் படிவம் வரும். ஐந்து வருடத்துக்கு முந்தைய, இணைப்புள்ள மடல்களிலிருந்து ஆரம்பியுங்கள். ஆதார், பான், பாஸ்போர்ட் நகல்கள் அங்கேதான் இருக்கும். அழித்ததும் டிராஷுக்குப் போய் 30 நாள் கிடக்கும். அங்கேயும் காலி செய்யுங்கள். கூகுளின் பேக்கப்பிலிருந்து மறைய இன்னும் சில மாதங்கள் பிடிக்கும். "சென்ட்" பெட்டியை மறந்துவிடாதீர்கள். நாம் எழுதியதெல்லாம் இருப்பது அங்கேதான். கையோடு "மை ஆக்டிவிட்டி" பக்கத்தில் தேடல் வரலாறு தானாக அழிய மூன்று மாதம் என்று வைத்துவிடுங்கள்.

நீங்கள் அழித்தாலும் பெற்றவரிடம் நகல் இருக்கும். அதனால் இந்தப் பழக்கத்தை அடிக்கடி எழுதிக்கொள்ளும் நாலைந்து பேரும் சேர்ந்து செய்தால்தான் பலன். ஒரு எச்சரிக்கை: உங்கள் மேல் வழக்கோ விசாரணையோ வந்த பிறகு, அல்லது வரும் என்று தெரிந்த பிறகு, எதையும் அழிக்காதீர்கள். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். துப்புரவு வேலை சாதாரண நாளில் செய்வது.

மூன்றாவது: மடலின் வெளிப்புறத்தைப் பாருங்கள்

ஏதாவது ஒரு மடலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு "ஷோ ஒரிஜினல்" கொடுங்கள். எந்தச் சர்வரிலிருந்து கிளம்பியது, எந்தெந்த வழியாக வந்தது, எத்தனை மணி எத்தனை நிமிடம் எத்தனை விநாடி, யார் யாருக்கு, என்ன தலைப்பு என்று வரிசையாக இருக்கும். சில சேவைகள் அனுப்பியவரின் ஐபி முகவரியையும் அதில் போட்டுவிடும். இதைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள். கடித உறையின் மேல் எழுதியிருப்பது மாதிரி. உள்ளே உள்ளதை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இது வெளியே தெரியும்.

இதற்கு எவ்வளவு பலம் என்று தெரிந்துகொள்ள 2012-ஐப் பாருங்கள். சிஐஏ இயக்குநராக இருந்த டேவிட் பெட்ரேயஸும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்ணும் ரகசியமாகப் பேச ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரே ஜிமெயில் கணக்கு. மடலை எழுதி அனுப்பாமல் டிராஃப்டில் விட்டுவிடுவது. மற்றவர் வந்து அங்கேயே படிப்பது. வேறொரு பெண்ணுக்குப் பெயரில்லாத மிரட்டல் மடல்கள் போன விவகாரத்தில் எஃப்பிஐ விசாரிக்கத் தொடங்கியது. அந்த மடல்கள் கிளம்பிய ஐபி முகவரிகள் பல ஊர் ஓட்டல்களின் வைஃபையைக் காட்டின. அந்தந்தத் தேதிகளில் அந்தந்த ஓட்டல்களில் தங்கியவர்களின் பட்டியலை ஒப்பிட்டபோது, எல்லாவற்றிலும் பொதுவாக நின்ற பெயர் அந்த எழுத்தாளருடையது. 2012 நவம்பர் 9 அன்று பெட்ரேயஸ் பதவி விலகினார். உலகின் பெரிய உளவு நிறுவனத்தின் தலைவருக்கே டிராஃப்ட் தந்திரம் உதவவில்லை என்றால், நமக்கு உதவாது.

செய்ய வேண்டியது எளிது. தலைப்பு வரியில் விஷயத்தை எழுதாதீர்கள். "மருத்துவ அறிக்கை: எச்ஐவி முடிவு" என்று தலைப்பிட்டு உள்ளே பூட்டுவதில் அர்த்தமில்லை. தேவையில்லாமல் பத்துப் பேரைச் சிசி போடாதீர்கள். ஒரு வேலைக்கு ஒரு முகவரி என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு ஒன்று, சங்க வேலைக்கு ஒன்று. மீட்பு முகவரி, மீட்பு எண் இரண்டிலும் யோசியுங்கள். ஸ்பெயினில் ஒரு கத்தலோனியச் செயல்பாட்டாளர், என்கிரிப்ஷனுக்குப் பேர்போன சுவிஸ் மின்னஞ்சல் சேவையான புரோட்டான் மெயிலைப் புனைபெயரில் வைத்திருந்தார். போலீஸ் கேட்டதும் சுவிஸ் அதிகாரிகள் வழியாகப் புரோட்டான் கொடுத்தது அவருடைய மீட்பு முகவரியைத்தான். அது ஆப்பிள் முகவரி. ஆப்பிளைக் கேட்டார்கள், பெயர் வந்துவிட்டது. 2024-இல் இது செய்தியானது.

நான்காவது: என்கிரிப்ஷன், அதன் எல்லையோடு

ஜிமெயிலில் பூட்டுச் சின்னம் தெரிந்தால் மடல் வழியில் பாதுகாப்பாகப் போகிறது என்று பொருள். சர்வரில் போய் நின்றதும் கூகுளால் திறக்க முடியும். ஆகவே கூகுளைக் கேட்பவராலும் முடியும். இரு முனைகளைத் தவிர நடுவில் யாராலும் திறக்க முடியாததைத்தான் எண்ட் டு எண்ட் என்கிறோம்.

எளிய வழி, இருவரும் புரோட்டான் மெயிலுக்கோ, அதே வகைச் சேவையான டூட்டாவுக்கோ மாறுவது. ஒருவர் மட்டும் மாறி, மற்றவர் ஜிமெயிலில் இருந்தால் அந்த மடல் வழக்கமாகச் சாதாரண மடல்தான். புரோட்டானில் தலைப்பு வரிக்கு எண்ட் டு எண்ட் கிடையாது; டூட்டாவில் உண்டு. இரண்டும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை. 2021-இல் சுவிஸ் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து புரோட்டான் ஒரு பிரெஞ்சுச் சூழலியல் செயல்பாட்டாளரின் ஐபி முகவரியைப் பதிவு செய்து கொடுத்தது. மடலின் உள்ளடக்கத்தைக் கொடுக்கவில்லை. கொடுக்க அவர்களிடம் சாவி இல்லை. இந்த வித்தியாசம்தான் நாம் பணம் கொடுத்து வாங்குவது.

சாவி நிறுவனத்தின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு லவாபிட் கதை இருக்கிறது. ஸ்னோடன் பயன்படுத்திய மின்னஞ்சல் சேவை அது. நான்கு லட்சத்துக்கும் மேல் வாடிக்கையாளர்கள். 2013-இல் எஃப்பிஐ அதன் மூலச் சாவிகளைக் கேட்டது. ஒருவரைக் கண்காணிக்க, எல்லோருடைய பூட்டையும் திறக்கும் சாவி. உரிமையாளர் லடார் லெவிசன் அந்தச் சாவிகளைப் பொடி எழுத்தில் 11 பக்கம் அச்சடித்துக் கொடுத்தார், படிக்கவே முடியாது. கணினிக் கோப்பாகக் கொடுக்கும் வரை நாளுக்கு 5,000 டாலர் அபராதம் என்றது நீதிமன்றம். சாவியைக் கொடுத்துவிட்டு, 2013 ஆகஸ்ட் 8 அன்று சேவையையே இழுத்து மூடினார். சேவையை மூடும் அளவுக்கு மனசாட்சி உள்ள உரிமையாளர் எல்லா இடத்திலும் கிடைக்கமாட்டார். ஆகவே சாவி நம் கையிலேயே இருக்கும் ஏற்பாடுதான் சரி.

அதற்கு 1991-இல் பில் ஸிம்மர்மன் கொடுத்த பிஜிபி என்ற என்கிரிப்ஷன் மென்பொருள் இன்னும் இருக்கிறது. தண்டர்பேர்டில் 2020 முதல் உள்ளேயே வருகிறது. அக்கவுன்ட் செட்டிங்ஸில் "எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன்" பகுதிக்குப் போய் "ஆட் கீ" கொடுத்தால் இரண்டு சாவிகள் பிறக்கும்: பூட்டப் பொதுச் சாவி, திறக்கத் தனிச் சாவி. பொதுச் சாவியை நண்பருக்கு அனுப்புங்கள், அவருடையதை வாங்குங்கள், போனில் கூப்பிட்டுக் கைரேகை எண் எனப்படும் அந்த நீண்ட எண்ணை ஒருவருக்கொருவர் படித்துச் சரிபாருங்கள். தனிச் சாவியை யாருக்கும் கொடுக்காதீர்கள், தொலைத்தும் விடாதீர்கள். தொலைந்தால் பழைய மடல் எதுவும் திறக்காது. நேர்மையாகச் சொன்னால் புதியவருக்கு இது தொல்லை பிடித்த வேலை. தேவை இருக்கிறவர்கள் மட்டும் இதில் இறங்கினால் போதும்.

ரகசியப் பேச்சுக்கு மின்னஞ்சலே வேண்டாம்

மின்னஞ்சல் ரகசியத்துக்காகப் பிறந்தது இல்லை. அப்ளிகேஷன், பில், அலுவலகத் தொடர்பு இவற்றுக்கு அது போதும். மனம்விட்டுப் பேச, ஆவணம் கைமாற்ற, வாட்ஸ்அப் மாதிரியான சிக்னல் ஆப்பைப் போடுங்கள். 2016-இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு ஒன்று சிக்னலுக்கு வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரங்கள்: கணக்கு எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது இணைந்தது. அதற்கு மேல் அவர்களிடம் எதுவும் இல்லை. உள்ளே போனதும் தானாக மறையும் செய்தி வசதியை ஒரு வாரம் என்று வைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பிலும் எண்ட் டு எண்ட் உண்டு. ஆனால் பேக்கப் கூகுள் டிரைவில் திறந்து கிடக்கும். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் அங்கே எண்ட் டு எண்ட் பேக்கப்பை ஆன் செய்தால்தான் அதுவும் பூட்டப்படும். யாரோடு எப்போது பேசினீர்கள் என்ற விவரம் அப்போதும் நிறுவனத்திடம் இருக்கும்.

விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: உங்கள் இணைய நிறுவனத்திடமிருந்து அது மறைக்கும், விபிஎன் நிறுவனத்திடமிருந்து மறைக்காது, மின்னஞ்சலின் உள்ளடக்கத்துக்கு ஒன்றும் செய்யாது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் போட்ட உத்தரவு, விபிஎன் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்கச் சொன்னது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், புரோட்டான் போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. இலவச விபிஎன் பக்கமே போகாதீர்கள்.

ஆபீஸ் மெயிலில் சொந்த விஷயம் எழுத வேண்டாம். அது ஆபீஸின் சொத்து. உங்களைக் கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்கள்.

போலீஸ் வந்து கேட்டால்

பதற்றத்தில் போனைத் திறந்து கையில் கொடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மரியாதையாகவே, எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். ஆவணங்களையும் மின்னணுத் தகவல்களையும் சாதனங்களையும் ஒப்படைக்கச் சொல்ல, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 94-ஆம் பிரிவு இருக்கிறது. எந்த வழக்கு, எந்தப் பிரிவு, என்ன வேண்டும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வாங்கியதும் வக்கீலிடம் காட்டுங்கள். பாஸ்வேர்டைச் சொல்ல ஒருவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. அதனால் அந்த இடத்தில் நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

சோதனை என்று வந்தால், 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்தாக வேண்டும். எடுக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். கைப்பற்றிய ஒவ்வொரு சாதனத்துக்கும் மாடல், ஐஎம்இஐ எண்ணோடு (போனின் தனி அடையாள எண்) பட்டியல் வாங்குங்கள். கூடவே ஹாஷ் மதிப்பையும் கேளுங்கள். ஒரு டிஸ்கில் உள்ள தகவல் முழுவதிலிருந்தும் கணக்கிட்டு வரும் நீண்ட எண் அது. பின்னால் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தாலும் மாறிவிடும். 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ்ப் படிவத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சாதனம் உங்கள் கையை விட்டுப் போகும் நேரத்திலேயே அந்த எண்ணைக் குறித்து, தேதி, நேரத்தோடு அதிகாரியின் கையெழுத்தும் வாங்கிவிட்டால், பிற்பாடு அதில் புதிதாக ஒரு கோப்பு முளைத்திருக்கிறதா என்று உங்கள் வக்கீலால் நீதிமன்றத்தில் கேட்க முடியும். தர மறுத்தால், கேட்டதையும் மறுத்ததையும் அன்றே எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு மனுவாகக் கொடுங்கள்.